டொமினிக்கா வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு பெயரிலேயே நேர்ந்துவிடுகிறது. டொமினிக்கா வேறு, டொமினிக்கன் குடியரசு வேறு. பின்னது ஹிஸ்பானியோலா தீவில் உள்ள, ஸ்பானிஷ் பேசும் நாடு. டொமினிக்காவோ கரீபியன் பகுதியில் குவாதலூப், மார்ட்டினிக் என்ற இரு தீவுகளுக்கு நடுவே, சுமார் 750 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள மலைத் தீவு.

'கொலம்பஸ் கண்டுபிடித்தார்' என்றும் எழுத வேண்டாம். 1493 நவம்பர் 3 அன்று அவர் கப்பலிலிருந்து அதைப் பார்த்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால், லத்தீனில் அந்த நாளைக் குறிக்கும் 'டொமினிக்கா' என்ற பெயரை வைத்தார், அவ்வளவுதான். அங்கே வாழ்ந்த கலினாகோ மக்கள் அதை ஏற்கெனவே 'வைட்டுக்குபுலி' என்று அழைத்துவந்தார்கள். 'அவள் உடல் நெடியது' என்று பொருள். மலைக்கு மேல் மலையாக எழும் தீவுக்கு எவ்வளவு பொருந்துகிறது, பாருங்கள்!

அந்த மக்களை 'நரமாமிசம் தின்றவர்கள்' என்று போகிறபோக்கில் எழுதுவது எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. 1503-இல் ஸ்பெயின் அரசி இசபெல்லா, நரமாமிசம் உண்போரைப் பிடித்து அடிமைகளாக விற்கலாம் என்று அனுமதி தந்தார். அதன்பின் அந்தப் பட்டத்தைச் சூட்டுவதில் அடிமை வணிகர்களுக்குப் பண லாபம் இருந்தது. பழங்குறிப்புகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

1763-இல் தீவு பிரிட்டன் கைக்குப் போனது உண்மை. ஆனால் அதற்கு முன்பே பிரெஞ்சுக் குடியேறிகள் தோட்டம் போட்டிருந்தார்கள். தலைநகர் ரோசோவின் பெயரும், மக்கள் பேசும் குவேயோல் மொழியும் அந்தத் தடத்தில் வந்தவை. '1834-இல் அடிமைகள் விடுதலை பெற்றார்கள்' என்பதும் பாதி உண்மைதான். 'தொழில் பழகுநர்' என்ற பெயரில் அவர்களில் பெரும்பாலோர் 1838 வரை பழைய முதலாளியிடமே கூலியின்றி உழைத்தார்கள். பிரிட்டன் ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு, தன் காலனிகளிலிருந்த அடிமை உடைமையாளர்களுக்கே போனது.

கடைசியாக, கலினாகோக்களை இறந்தகாலத்தில் எழுதாதீர்கள். 1903-இல் தீவின் கிழக்குக் கரையில் சுமார் 3,700 ஏக்கர் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அந்த நிலம் இன்றும் ஊருக்குப் பொது, தனியாள் விற்க முடியாது. 2023-இல் நாட்டின் குடியரசுத் தலைவரான சில்வானி பர்ட்டன் கலினாகோ பெண். கோமியே மரத்தைக் குடைந்து, உள்ளே கல்லும் நீரும் நிரப்பி, அந்தப் பாரத்தில் பக்கங்களை விரியவைத்துப் படகு செய்யும் கை இன்னும் அங்கே இருக்கிறது.