பழைய அறிக்கையில் ‘ஆஸ்பெர்கர்’ என்றிருந்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

மருத்துவ அறிக்கையில் ஆஸ்பெர்கர் (ஆட்டிசத்தின் ஒரு வடிவத்துக்கு முன்பு வழங்கிய பெயர்) என்ற சொல்லைக் கண்டால், முதலில் அது எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். 1994-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயறிதலாக இடம்பெற்ற அச்சொல், 2013-இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் ஆட்டிசத்தின் பல வடிவங்களையும் ஒன்றாகக் குறிக்கும் ஆட்டிசம் நிறமாலைக் குறைபாடு என்பதற்குள் சேர்க்கப்பட்டது; உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில் அவ்வாறே செய்தது.

அடுத்து, குழந்தை பேசத் தொடங்கிய காலத்தைக் கவனியுங்கள். இரண்டு வயதுக்குள் தனிச்சொற்களும் மூன்று வயதுக்குள் சிறு தொடர்களும் வந்து, அறிவுத்திறன் வளர்ச்சியிலும் தாமதம் இல்லாதிருந்தால்தான் ஆஸ்பெர்கர் என்று குறித்தார்கள். என் பார்வையில், ஆஸ்பெர்கரையும் பிற ஆட்டிசத்தையும் பிரித்த அது மிக மெல்லிய கோடு. ஏனெனில் பிறரின் முகக்குறிப்பை உணர்வதில் இடர்ப்பாடு, ஒரே பொருளில் ஆழ்ந்த நாட்டம், வழக்கம் மாறினால் வரும் தவிப்பு, ஒலிக்கும் தொடுதலுக்கும் கூர்மையான எதிர்வினை ஆகியவை இரண்டிலும் காணப்படுபவை.

சரளமாகப் பேசுகிறவருக்கு உதவி தேவையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள் (நேர்த்தியான பேச்சே பல நேரங்களில் சிரமத்தை மறைத்துவிடுகிறது). தொடர்புகொள்வதிலும் அன்றாட வேலைகளிலும் எவ்வளவு ஆதரவு தேவை என்பதைத் தனித்தனியே எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். பழைய பெயராலேயே தம்மைக் குறிப்பிட விரும்புவோரைத் திருத்த வேண்டியதில்லை.