ஏற்காட்டு மழையில் கைப்பேசி நனைந்தால்

கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளி விடுமுறை வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. எனவே சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கி, ஒரு நாள் ஏற்காட்டுக்குப் போய்வர நினைப்பவர்கள், கைப்பேசி நனைந்தால் என்ன செய்வது என்பதைத் தெரிந்துகொண்டு மலையேறுவது நல்லது.

ஏரியில் படகில் போகும்போதோ, கிளியூர் அருவிக்கு இறங்கும் வழியிலோ கைப்பேசி நனைந்துவிட்டால், அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அணைத்துவிட வேண்டும். உள்ளே போன நீரில் கரைந்துள்ள உப்புகளின் வழியே மின்சாரம் பாயும்போதுதான் சுற்றுப்பலகை விரைவாக அரிக்கப்படுகிறது. அதனால் பவர் பேங்கில் இணைத்துப் பார்ப்பதுதான் செய்யக்கூடியவற்றுள் மிக மோசமான செயல். கவரைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்து, பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, சார்ஜர் துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டினால், துளையில் தேங்கிய நீர் வெளியே வந்துவிடும். வாயால் ஊதுவதும், துளைக்குள் பஞ்சையோ ஊசியையோ விடுவதும், ஹேர் டிரையரைக் காட்டுவதும் கூடாது.

வீட்டுக்கு வந்தால் பெரியம்மாவோ அத்தையோ அரிசிப் பானையைத் திறந்துகொண்டு வருவார்கள், அன்பாக மறுத்துவிடுங்கள். அரிசிக்குள் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது, ஏனெனில் அரிசித் துகள்கள் கைப்பேசிக்குச் சேதம் விளைவிக்கக்கூடும். மின்விசிறிக் காற்றில் வைப்பது அதைவிட மேல். குறைந்தது ஒரு நாளாவது அப்படியே விட்டுவிட வேண்டும்.

இங்கே மலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி சன்னல் வழியே அறைக்குள் வந்துபோகும் நாட்களில், கொடியில் போட்ட துண்டே மறுநாள் காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும். அந்தக் காற்றில் கைப்பேசியின் உட்புறம் காயும் என்று எதிர்பார்ப்பது வீண். எனவே அறையில் இரவைக் கழிப்பதைவிட, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அன்றே சேலத்துக்கு இறங்கிவிடுவது என் கணிப்பில் மேலானது. இறங்கும்போது காரின் ஏசி காற்றுக்கு நேரே வைத்துக் கைப்பேசியைக் குளிரவிட்டால், வெளியே எடுத்ததும் சேலத்து வெப்பக் காற்றின் ஈரம் அதன் மேல் நீர்த்துளியாகப் படியும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் சென்றாலோ, மின்கலம் தாங்காத அளவுக்குச் சூடேறிவிடும்.

ஆடி மாதத்து மஞ்சள் நீராட்டில் நனைந்ததையும், இளநீர் அல்லது காப்பி கொட்டியதையும் வெறும் மழைநீரைப் போல எண்ணக் கூடாது. அவை காய்ந்த பிறகும் படிவை விட்டுச் செல்லும் என்பதால், தாமதிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதே சரி.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்குக் கைப்பேசியின் விலையைவிட அதனுள் இருக்கும் எண்ணே பெரிய கவலை. வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். சிம் அட்டையாக இருந்தால் கழற்றி வேறு கைப்பேசியில் போட்டுக்கொள்ளலாம். கைப்பேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம்மாக இருந்தால் அப்படி எடுத்து மாற்ற இயலாது. அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14ஆம் வரிசை முதல் சிம் தட்டே கிடையாது. ஆகவே புறப்படும் முன்பே, கைப்பேசி செயலிழந்தால் கணக்கில் நுழைய வேறு என்ன வழி என்று வங்கியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விமானச் சீட்டு, இ-விசா ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளும், உறவினர் எண்களை எழுதிய தாள் ஒன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

நீரும் தூசியும் புகாத காப்பைக் குறிக்கும் ஐபி68 என்ற தரக்குறியீடு நன்னீரில் ஆய்வகச் சூழலில் சோதித்துப் பெறுவது; கைப்பேசி பழையதாக ஆக அந்தக் காப்பு தளர்கிறது. நீர் புகுந்த பழுதைச் சாதாரண உத்தரவாதமும் பெரும்பாலும் ஏற்பதில்லை. சேலத்தில் கடையில் கொடுக்க நேர்ந்தால், பிரித்து ஆல்கஹாலால் சுத்தம் செய்வார்களா, பிறகு நீர்த்தடுப்புப் பசையை மீண்டும் ஒட்டுவார்களா என்று கேளுங்கள். கடவு எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்காமல், சோதிக்கும் நேரத்தில் உடனிருந்து நீங்களே திறந்து காட்டுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொண்ட பிறகே கைப்பேசியைக் கையில் கொடுங்கள்.