பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் உடற்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகள் விட்டுப்போன உடற்பயிற்சியை மீண்டும் தொடங்குகிறவர்கள், நான் பார்த்த வரையில், முதல் வாரத்தை எப்படியோ தாண்டிவிடுகிறார்கள். மூச்சு வாங்கும், தொடை வலிக்கும், ஆனாலும் தாக்குப்பிடித்துவிடுவார்கள். நான்காவது அல்லது ஐந்தாவது வாரத்தில், உடம்பு லேசாகி, மாடிப்படி ஏறும்போது இளைப்பு குறைந்து, இனி வேகத்தைக் கூட்டலாம் என்று மனம் சொல்லும் நேரத்தில்தான் முழங்காலிலோ குதிகாலிலோ தோள்பட்டையிலோ ஏதோ ஒன்று பிடித்துக்கொள்கிறது. ஓய்வெடுக்கிறார்கள், அந்த ஓய்வு ஒரு மாதமாகிறது, ஒரு மாதம் மறுபடியும் சில ஆண்டுகளாக நீண்டுவிடுகிறது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தவர்கள் தங்களுக்கு மன உறுதியே இல்லை என்று முடிவுகட்டிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். அவர்களுக்கு மன உறுதி போதுமான அளவு இருந்தது. போட்ட கணக்குதான் பிசகிவிட்டது.

உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களுக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிட அதிக இரத்தத்தை அனுப்புவதால், அதே தூரத்தை நடக்கக் குறைந்த துடிப்புகளே போதுமானவையாகின்றன. முதல் மாதத்தில் கூடும் வலிமையில் பெரும்பங்கு, இருக்கின்ற தசை நார்களை ஒருங்கே இயக்க நரம்புகள் மறுபடி பழகிக்கொள்வதால் கிடைப்பது. தசை கண்ணுக்குத் தெரியும்படி தடிப்பதற்கு 6 முதல் 8 வாரங்களாவது ஆகும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகின்றன, எலும்பும் அப்படித்தான். ஆகவே ஐந்தாவது வாரத்தில் நாம் உணர்கின்ற தெம்பு உண்மையானதுதான் என்றாலும், அது இதயமும் நரம்புகளும் தருகின்ற தெம்பு. அந்தத் தெம்பை நம்பி இரட்டிப்பாக்கும் சுமையைத் தாங்க வேண்டியது, இன்னும் தயாராகாத தசைநாண்.

இதை நான் என் குதிகாலில் கற்றுக்கொண்டேன். நாற்பது வயதைத் தாண்டியபின் மெல்லோட்டத்தைத் தொடங்கி, மூன்று வாரம் ஒழுங்காகக் கூட்டிக்கொண்டே வந்து, நான்காவது வாரத்தில் ஒரே நாளில் இரு மடங்கு தூரம் ஓடினேன். ஓடும்போது எதுவும் தெரியவில்லை. அன்று மாலைகூட எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தபோது, குதிகாலுக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில், கயிறு காய்ந்து விறைத்ததுபோல ஓர் இறுக்கம். பத்து அடி நடந்ததும் அது தளர்ந்துவிட்டதால் பொருட்படுத்தாமல் மறுபடியும் ஓடினேன். அப்படி இரண்டு வாரம் ஓடியதன் விலை, நான்கு மாதங்கள் ஓட முடியாமல் போனது. அந்தக் காலை நேர இறுக்கம் தசைநாண் தருகின்ற முதல் எச்சரிக்கை என்பது அப்போது எனக்குத் தெரிந்திருந்தால், ஒரு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்ததோடு அது தீர்ந்திருக்கக்கூடும்.

இத்தனைக்கும் வேர், நினைவில் இருக்கும் உடம்பை இன்றைய உடம்பாக எண்ணிக்கொள்வது. இருபது வயதில் 5 கிலோமீட்டர் ஓடியவர், நாற்பத்தைந்தில் தொடங்கும்போது 3 கிலோமீட்டரைச் சலுகையாக நினைத்துக்கொள்கிறார்; அந்த 3 கிலோமீட்டரே இன்றைய உடம்புக்கு மிகையாக இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயது இளைஞர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்களுடைய உடல் உச்ச உழைப்பின்போது பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அதே 5 பேரை மறுபடியும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடு அதிகம் என்று தெரியவந்தது. பிறகு அவர்களை நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று ஆறு மாதங்கள் படிப்படியாகப் பயிற்சி செய்யவைத்தார்கள். ஐந்து பேரும் இருபது வயதில் பயிற்சிக்கு முன்பு இருந்த நிலைக்கு ஏறக்குறைய திரும்பிவிட்டார்கள். 1966இல் படுக்கைக்குப் பின் கொடுத்த பயிற்சியால் அன்று எட்டிய உச்சத்தை மட்டும் அவர்களில் ஒருவராலும் மீண்டும் எட்ட முடியவில்லை. இந்த ஆய்வை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும், அதற்கு ஆறு வாரம் போதாது, ஆறு மாதம் வேண்டும் என்ற நிதானத்தையும் அது ஒருசேரத் தருகிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, இன்று உங்களால் எவ்வளவு முடியும் என்று தோன்றுகிறதோ அதில் பாதியில் தொடங்குங்கள் என்பேன். வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம்கூடத் தேவையில்லை: நடக்கும்போது முழு வாக்கியங்களாகப் பேச முடிந்து, பாட மட்டும் முடியாமல் இருந்தால் அது மிதமான வேகம், நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருந்தால் அது முதல் மாதத்திற்கான வேகமல்ல. 220இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை உச்ச இதயத் துடிப்பாகக் கொண்டு பயிற்சி செய்கிறவர்கள், அந்த எண் ஒரு சராசரி மட்டுமே, ஆளுக்கு ஆள் 10 அல்லது 12 துடிப்புகள் கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம் என்பதை மறந்துவிடக் கூடாது. இரத்த அழுத்தத்திற்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. அந்த மாத்திரை துடிப்பை அடக்கி வைத்திருக்கும்.

மருத்துவரைப் பார்க்காமல் நேரடியாகக் கடும் பயிற்சியில் இறங்குவதைத் தவறு என்று சொல்வதைவிட ஆபத்து என்று சொல்வதே பொருந்தும். 1993இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, வாரத்திற்கு ஒருமுறைகூடக் கடுமையாக உழைக்காதவர்கள் திடீரென்று அப்படி உழைத்தால், அதையடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு தொடங்கும் வாய்ப்பு வழக்கமான நேரத்தைப் போல 107 மடங்கு; வாரத்திற்கு 5 முறையோ அதற்கு மேலோ பழகியவர்களுக்கு அது 2.4 மடங்கு மட்டுமே. குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வருவது மிக அரிது என்பதால் இதைக் கண்டு பயிற்சியையே கைவிட வேண்டியதில்லை. மெதுவாகப் பழகப் பழக அந்த ஆபத்து கரைந்துபோகிறது என்பதையும் அதே எண்கள்தான் காட்டுகின்றன. ஆனால் சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் இருப்பவர்களும், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறலோ உணர்கிறவர்களும் பரிசோதனை செய்துகொள்ளாமல் தொடங்கவே கூடாது.

அடுத்து வலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு தவறுகள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. சாதாரணத் தசைவலியைக் காயம் என்று அஞ்சிப் பயிற்சியையே நிறுத்திவிடுகிறவர்கள் ஒரு பக்கம். உண்மையான காயத்தைப் பழகாத உடம்பின் வலி என்று பொறுத்துக்கொண்டு மேலும் கெடுத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். பழகாத பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி உடனே தெரியாது. 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சத்தை எட்டி, பிறகு தானாகவே வடியும். பெரும்பாலும் இரண்டு கால்களிலும் அல்லது இரண்டு கைகளிலும், தசையின் நடுப்பகுதி முழுவதும் பரவியிருக்கும். தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும் அசைவுகள்தான் இந்த வலியை அதிகம் உண்டாக்குகின்றன. அதனால்தான் பஸ்கி எடுத்த மறுநாள் மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருக்கிறது, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியிருக்கிறது. ஒரே பக்கத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில், மூட்டுக்கு அருகில், சுருக்கென்று குத்துகின்ற வலி வேறு இனம். காலையில் எழுந்ததும் கூடுதலாக இருக்கின்ற இறுக்கமும் அந்த இனமே. முதல் வகைக்கு மெதுவான நடை நல்லது. இரண்டாம் வகைக்கு அந்த அசைவின் அளவை உடனே குறைக்க வேண்டும், ஒரு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாங்க முடியாத தசைவலியோடும் வீக்கத்தோடும் சிறுநீர் கருப்புத் தேநீர் நிறத்தில் போனால், தசை சிதைந்து அதன் கழிவுகள் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று நின்றுவிடுவது இன்னொரு பெரிய தவறு. முப்பது வயதிற்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைந்துகொண்டே போகிறது. நடை இதயத்திற்குச் செய்கின்ற நன்மையைத் தசைக்குச் செய்துவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு குறைந்தது 2 நாள் தசைகளுக்கான பயிற்சியையும் கேட்கிறது. அந்த 150 நிமிடத்தை முதல் வாரத்திலேயே நிறைவேற்ற வேண்டிய கடன்போல எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் வரும் என்ற பழைய நிபந்தனையையும் அதே வழிகாட்டுதல் நீக்கிவிட்டது. வயதாகிவிட்டது, இனிமேல் எடை தூக்கி என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல 1990இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது: முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரியாகத் தொண்ணூறு வயதான 10 பேருக்கு 8 வாரம் கால்களுக்கான எடைப் பயிற்சி கொடுத்ததில், பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது.

இதற்கு முதல் நாளே ஜிம்மில் கம்பியைத் தூக்க வேண்டியதில்லை. உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு எழுந்திருங்கள். திரும்ப உட்காரும்போது பொத்தென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். தொடைக்குக் கிடைக்கும் பயிற்சியில் பாதி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. 8 முறை செய்து, இரண்டு நிமிடம் நின்று, இன்னொரு 8. பன்னிரண்டு முறை சிரமமில்லாமல் வரும்போது சற்றுத் தாழ்வான இருக்கைக்கு மாறலாம். தரையில் தண்டால் எடுக்க முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கி, பிறகு மேசை விளிம்பு, பிறகு தரை என்று இறங்கி வரலாம்.

எடை இயந்திரத்தைத் தினமும் பார்ப்பது முதல் மாதத்தில் பெரும்பாலும் மனச்சோர்வையே தரும். பயிற்சிக்குப் புதிதாகப் பழகும் தசை, தன் எரிபொருளான கிளைக்கோஜனைக் கூடுதலாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்து தங்குகிறது. கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே எடை ஒரு கிலோ கூடிக் காட்டுவது இதனால்தான். இதைக் கண்டு பதறி உணவைப் பாதியாகக் குறைத்துவிடுகிறவர்கள், மீட்டெடுக்க வந்த தசையையே இழக்கிறார்கள். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்க, 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது 150 கலோரிக்குள்தான் என்பதால், நடந்தே எடையைக் குறைத்துவிடலாம் என்ற கணக்கும் சரிவராது. எடைக்கு உணவில் மிதமான குறைப்பும், வலிமைக்குப் பயிற்சியும் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவிலாவது புரதம் கிடைக்கும்படி உணவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தைக் குறைத்து விடியற்காலையில் பயிற்சிக்கு நேரம் தேடுகிறவர்களையும் நான் தடுத்துத்தான் சொல்வேன். 7 மணி நேரத் தூக்கத்தை வெட்டி எடுத்த நேரத்தில் செய்கின்ற பயிற்சியிலிருந்து உடம்பு சரியாகத் தேறுவதில்லை.

கடைசியாக, ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று நினைப்பது. லண்டனில் 96 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. தவறிய நாளை ஈடுகட்ட மறுநாள் இரு மடங்கு செய்வதுதான் கெடுதல். காய்ச்சலோ பயணமோ ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல், அந்த அளவில் பாதியைச் செய்து, இரண்டு மூன்று நாட்களில் பழைய அளவுக்கு வரலாம். இரண்டு வாரத்திற்கு மேல் போயிருந்தால் இன்னும் நிதானமாக ஏற வேண்டும்.

நான் இப்போது ஒரு சிறிய நோட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதுகிறேன்: எத்தனை நிமிடம், என்ன பயிற்சி, மறுநாள் காலை முதல் பத்து அடி நடந்தபோது குதிகால் எப்படி இருந்தது. தூரத்தைக் கூட்ட ஆசை வரும்போதெல்லாம் கடைசி மூன்று காலைகளின் குறிப்பைப் பார்க்கிறேன். மூன்றிலும் இறுக்கம் இல்லை என்று இருந்தால் 5 நிமிடம் கூட்டுகிறேன், ஒன்றில் இருந்தாலும் அந்த வாரம் அதே அளவிலேயே நிற்கிறேன்.