சாயத் தண்ணீரைக் கரியால் தெளிய வைப்பது எப்படி?

ஆந்திராவில் எங்கள் நகரி, புத்தூர் பக்கம் விசைத்தறியும் சாயப்பட்டறையும் அதிகம். இங்கே வாய்க்காலில் விடும் சாயத் தண்ணீர் மாநில எல்லையோடு நிற்காது. நகரி ஆறு கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரிக்குப் போகிறது. சாய நிறத்தை எடுக்கும் வழிகளில் ஒன்று ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது தனியாகப் பதப்படுத்திய கரி. வீட்டிலேயே சின்னதாகச் செய்து பார்க்கலாம்.

வேண்டியவை: மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம், ஆக்டிவேட்டட் கார்பன் (இரண்டுமே மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும்), மூடியுள்ள இரண்டு ஒரு லிட்டர் பாட்டில், கையுறை. விரலில் பட்ட நீலம் லேசில் போகாது.

அடுப்புக் கரி போதாதா? போதாது. கொட்டாங்குச்சிக் கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வாட்டும்போதுதான் அதற்குள் நுண்துளைகள் ஏராளமாகத் திறக்கின்றன. ஒரு கிராமுக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு, கிட்டத்தட்ட கால் ஏக்கர்! சாயம் அந்தத் துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது.

முதலில் கார்பனைப் பழைய உரலில் பொடியுங்கள். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், தூசு பறக்கும். பொடிக்காமலும் போடலாம், ஆனால் சாயம் உள்ளே நுழைய மணிக்கணக்கில் ஆகும்.

இரண்டு பாட்டிலிலும் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று சொட்டு நீலம் விடுங்கள். ஒன்றில் மட்டும் அரை டீஸ்பூன் பொடி போட்டு, அவ்வப்போது குலுக்கியபடி அரைமணி நேரம் விடுங்கள். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க.

அப்புறம் வடிகட்ட அவசரப்படாதீர்கள். பருத்தித் துணியும் பஞ்சும் மெத்திலீன் ப்ளூவை இழுக்கும். நிறம் போனது கரியாலா துணியாலா என்று தெரியாமல் போகும். ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் மெதுவாகச் சாய்த்து, பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துப் பாருங்கள். நீலம் மிச்சமிருந்தால் இன்னும் கொஞ்சம் பொடி.

தெளிந்துவிட்டதே என்று குடித்துவிடாதீர்கள். நிறம்தான் போயிருக்கிறது. நிஜப் பட்டறைத் தண்ணீரில் உப்பும் ஏராளமாக இருக்கும், அதைக் கார்பன் தொடாது. சந்தேகமிருந்தால் நிறம் எடுத்த பட்டறைத் தண்ணீர் ஒரு கரண்டி, குழாய்த் தண்ணீர் ஒரு கரண்டி, தனித்தனி எவர்சில்வர் தட்டில் வெயிலில் காயவிடுங்கள். எதில் வெள்ளைப் பொருக்கு தடிமனாகப் படிகிறதென்று தெரிந்துவிடும்.

அடியில் தங்கிய கரியில் அந்தச் சாயம் அப்படியே இருக்கிறது. வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், காயவைத்துக் கட்டிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள்.