கல்யாணப் பூக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண அலங்காரத்துக்குப் புதிதாக வருகிறவர்களும், வீட்டுக் கல்யாணத்துக்குத் தாங்களே பூ வாங்கி வேலை செய்ய நினைக்கிறவர்களும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். முன்னால் வந்தவர்கள் செய்து, நஷ்டப்பட்டு, விட்டுவிட்ட தவறுகளே மறுபடி மறுபடி வருகின்றன. வாடிய பூவை வாங்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். ஆனால் முதலில் வரும் தவறைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தடுக்க அவ்வளவு சுலபமான ஒன்று இத்தனை பூவை இன்னமும் வீணாக்குகிறதே என்ற எரிச்சல்தான் காரணம்.

பெட்டியைத் திறந்ததும் வேலையை ஆரம்பிப்பது

பெட்டியில் வரும் ரோஜா பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இதழ் இறுகி, காம்பு விறைத்து, நிறம் பளிச்சென்று இருக்கும். உடனே மேசையில் பரப்பி, அளவுக்கு வெட்டி, ஃபோமில் (தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பச்சைக் கட்டி) செருக ஆரம்பித்துவிடுவார்கள். மாலை ஆறு மணிக்கு மேடை தயார். படம் எடுத்தால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஒன்பது மணிக்கு முன்வரிசை ரோஜாக்கள் கழுத்து மடிந்து தொங்கும். பூ கொடுத்தவரைத் திட்டுவார்கள், ஏசியைத் திட்டுவார்கள், விளக்குச் சூட்டைத் திட்டுவார்கள். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பூ இன்னும் தண்ணீரே குடிக்கவில்லை என்பதுதான் முதல் காரணம்.

பறித்துக் கட்டிப் பெட்டியில் அடைத்து வரும் வழியெல்லாம் பூ ஈரத்தை இழந்துகொண்டே வருகிறது. வெட்டுப்பட்ட முனை காற்றில் இருப்பதால், தண்ணீர் ஏறும் மெல்லிய குழாய்களுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். அந்த முனையை அப்படியே தண்ணீரில் வைத்தாலும் ஏற்றம் சரியாக இருக்காது. வாளி அழுக்காக இருந்தால் பாக்டீரியாவின் பிசுபிசுப்பும் சேர்ந்து குழாயை மூடும். ரோஜாவில் பூவுக்கு நேர் கீழே இருக்கும் காம்புப் பகுதி மிக இளசானது. உள்ளே தண்ணீர் குறைந்தால் முதலில் மடிவது அதுதான். இலை பச்சையாக, இதழ் அழகாக இருக்கும்போதே தலை மட்டும் கவிழ்வது இதனால்தான்.

முந்தின நாளே வாளிகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் கலந்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். பிளாஸ்டிக் வாளியே நல்லது. பூவுக்குப் போடும் உணவுப் பொடி அமிலத்தன்மை உள்ளது, தகரத்தோடும் இரும்போடும் வினைபுரியும். தண்ணீருக்குள் அமிழும் இலைகள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. முள்ளை எடுக்கும்போது பட்டை உரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூரான கத்தியாலோ கட்டராலோ காம்பின் அடியில் 2 முதல் 3 சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். மழுங்கின கத்தரிக்கோல் காம்பை நசுக்கும், நசுங்கின குழாயில் தண்ணீர் ஏறாது. வெட்டின கையோடு தண்ணீரில் வைத்துவிட வேண்டும். ஐம்பது காம்பை வெட்டிக் குவித்துவிட்டு மொத்தமாக எடுத்து வைத்தால், முதலில் வெட்டியதில் மறுபடி காற்று ஏறியிருக்கும்.

தண்ணீர் கை பொறுக்கும் வெதுவெதுப்பில், சுமார் 40 டிகிரி செல்சியஸ் இருந்தால் ரோஜாவில் வேகமாக ஏறும். ஆழம் ஒரு சாண் இருந்தால் போதும். உணவுப் பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவுக்கே போடுங்கள். மிச்சம் பிடிக்கிறோம் என்று பாதி அளவு போடுவது போடாமல் இருப்பதைவிட மோசம். அதில் இருக்கும் சர்க்கரை பாக்டீரியாவை வளர்க்கும், அதைக் கட்டுப்படுத்தும் மருந்தோ போதாமல் போய்விடும். பிறகு காற்று அடிக்காத, வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் குறைந்தது நான்கு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஓர் இரவு முழுக்க விட்டால் நிம்மதி. இடையில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டுமென்றால் பூ முன்கூட்டியே வந்தாக வேண்டும். ரோஜாவும் கார்னேஷனும் இரண்டு நாள் முன்பு வரட்டும். லில்லி இறுகிய மொட்டாக வந்தால் விரிய நான்கைந்து நாள் பிடிக்கும். முந்தின நாள் மொட்டாக வாங்கி, விளக்கடியில் வைத்து விரிய வைக்கலாம் என்று நம்பியவர்களின் மேடையில் பச்சை மொட்டுகள்தான் நிற்கும். டேலியா இதற்கு நேர் எதிர். அதை மொட்டாக வெட்டினால் பெரும்பாலும் விரியவே விரியாது. விரிந்த பூவாகவே முந்தின நாள் எடுங்கள். ஜெர்பராவின் காம்பு ஆழமான தண்ணீரில் அழுகும், நான்கு விரல் தண்ணீருக்கு மேல் வேண்டாம்.

சரி, பூ தண்ணீர் குடித்துவிட்டது. அடுத்து அதைக் கெடுப்பது பச்சை ஃபோம் கட்டி. அவசரத்தில் கட்டியைத் தண்ணீருக்குள் கையால் அமுக்குகிறார்கள். அமுக்கினால் வெளிப்பக்கம் நனைந்து மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. விழா முடிந்து பிரிக்கும்போது, வாடிய பூவுக்குக் கீழே இருந்த கட்டியைக் கத்தியால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். ஓரமெல்லாம் கரும்பச்சையாக ஈரமாக இருக்கும். நடுவில் ஓர் உள்ளங்கை அளவுக்கு வெளிர்பச்சையாக, நகம் பட்டால் மாவாக உதிரும். காம்பின் முனை சரியாக அந்த மாவுக்குள்தான் நின்றிருக்கும்.

அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கட்டியை மேலே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அது தானாக இறங்கும். மேல்முகம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து, நிறம் முழுதும் கறுத்ததும் எடுக்கலாம். ஒன்றிரண்டு நிமிட வேலைதான். ஒருமுறை நனைந்து காய்ந்த கட்டி மறுபடி சரியாக நனையாது, அதை ஒதுக்கிவிடுங்கள். காம்பை 4 சென்டிமீட்டராவது உள்ளே இறக்குங்கள். செருகிய பிறகு உயரம் சரியில்லை என்று லேசாக மேலே இழுத்துவிட்டால், முனைக்குக் கீழே வெற்றிடம் உண்டாகும். அந்தக் காம்பு காற்றில்தான் நிற்கிறது. முழுதாக உருவி, முனையை வெட்டி, வேறு இடத்தில் புதிதாகச் செருகுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் நிற்குமென்றால் ஃபோமே வேண்டாம். கோழிக்கூண்டு வலையைச் சுருட்டி உள்ளே வைத்து, அதன் கண்களில் காம்பைச் செருகினால் பூ நேராகத் தண்ணீர் குடிக்கும், செலவும் குறைவு. ஃபோம் பிளாஸ்டிக் வகை, மக்காது. அதன் தூளைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

ஏற்கெனவே தலை கவிழ்ந்த ரோஜாவை உடனே தூக்கி எறிய வேண்டாம். காம்பின் அடியைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டி, தலை நேராக நிற்கும்படி செய்தித்தாளில் இறுகச் சுற்றி, கழுத்து வரை தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்தினால் பல பூக்கள் நிமிரும். ஹைட்ராஞ்சியா இதழ் வழியாகவும் தண்ணீர் எடுக்கும். அதைத் தலைகீழாக அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி வைக்கலாம். வெட்டிய முனையைப் படிகாரத் தூளில் தொட்டு வைப்பதும் அதற்கு உதவும்.

எல்லாப் பூவுக்கும் ஒரே குளிர்

ரோஜா, கார்னேஷன், சாமந்திக்கு 2 முதல் 4 டிகிரி நல்லது. அதே குளிரில் ஆர்க்கிட்டையும் ஆந்தூரியத்தையும் வைத்தால் மறுநாள் இதழில் கருந்திட்டு விழும். வெப்பமண்டலப் பூக்களுக்கு 12, 13 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. குளிர் அறை இல்லையென்றால் ஏசி அறையே போதும், காற்று நேராகப் பூமேல் அடிக்காமல் இருந்தால் சரி.

வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் முதலில் பழங்களை வெளியே எடுத்துவிட வேண்டும். பழுக்கும் ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை விடுகின்றன. அது பூவையும் முதுமையடைய வைக்கும். கார்னேஷன் விரிந்த இதழை உள்ளே சுருட்டிக்கொள்ளும், ஆர்க்கிட் சோர்ந்து உதிரும். பூவில் நோய் தேடி அலைவார்கள், காரணம் கீழ்த்தட்டில் பழமாக இருக்கும். வண்டிப் புகையிலும் எத்திலீன் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அருகில் பூவை இறக்கி வைக்காதீர்கள்.

உதிரிப்பூவை நனைத்து மூட்டை கட்டுவது

காம்பில்லாத பூ தண்ணீர் குடிக்காது. இருக்கும் ஈரத்தை வைத்துக்கொண்டுதான் வாழும். தண்ணீர் தெளித்து இறுக்கிக் கட்டினால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பூவும் மூச்சு விடுகிறது, அந்த மூச்சில் சூடு உண்டு. மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். செண்டுமல்லி வெளியே பொன்னிறமாக இருக்க, அடியில் பழுப்பேறி வெந்துபோயிருக்கும். வந்த உடனே மூட்டையைப் பிரித்து, நிழலில் துணி விரித்து, இரண்டு மூன்று பூ உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். மேலே ஈரத் துணி போர்த்தலாம், ஆனால் தண்ணீர் சொட்டக் கூடாது.

மல்லிகையை மொட்டாகவே வாங்குங்கள். அதிகாலையில் பறித்த மொட்டு அன்று மாலை விரிந்து மணக்கும். மாலை விழாவுக்கு அன்று காலையில் பறித்த மொட்டு சரி. காலை விழாவுக்கு முந்தின நாள் மொட்டைச் சும்மா அறையில் வைத்தால் இரவே விரிந்து, விடியும்போது ஓரம் பழுத்திருக்கும்.

லில்லியின் மகரந்தம்

பூ விரியும்போதே, தூள் வருமுன், நடுவில் இருக்கும் மகரந்தப் பைகளை விரலால் கிள்ளி எடுத்துவிடுங்கள். துணியில் பட்டுவிட்டால் ஈரத்தால் துடைக்காதீர்கள். ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள்.

போன் படத்தில் நிறம் முடிவு செய்வது

படத்தில் பார்த்த ஊதா நிறம் மஞ்சள் விளக்கின் கீழே சாம்பலாகிவிடும். அடர் சிவப்பு, அடர் மெரூன் இரண்டும் மங்கிய மண்டபத்தில் கறுப்பாகத் தெரியும், புகைப்படத்தில் இன்னும் கறுப்பு. மேடையில் நீல எல்இடி போட்டால் சிவப்பு ரோஜாவின் கதை முடிந்தது. சிவப்பு இதழ் திருப்பி அனுப்ப அந்த ஒளியில் சிவப்பே இல்லை. வெள்ளையிலும் பால்வெள்ளை, ஐவரி, பச்சை கலந்த வெள்ளை என்று வகை உண்டு. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று அழுக்காகத் தெரியும். நினைக்கும் ஒவ்வொரு பூவிலும் ஒன்றிரண்டு காம்பு வாங்கி, உடைத் துணியின் ஒரு துண்டோடு சேர்த்து, விழா நடக்கும் அதே நேரத்தில் அதே விளக்கின் கீழே வைத்துப் பார்த்துவிடுங்கள். விளக்குக்காரரிடம் என்ன நிறம் போடப் போகிறார் என்று கேட்காமல் பூவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

மாற்றுப் பூ எழுதி வைக்காதது

பருவம் இல்லாத பூ விலை ஏறும், அளவு சிறுக்கும், கடைசி நேரத்தில் வராமலும் போகும். பூவின் பெயரை மட்டும் எழுதித் தராமல் நிறம், அளவு, வடிவம் மூன்றையும் எழுதுங்கள். பியோனி கிடைக்காவிட்டால் இதழ் நிறைந்த தோட்ட ரோஜா, அதுவும் இல்லையென்றால் இன்னது என்று ஆர்டர் தாளிலேயே இருக்கட்டும்.

எண்ணிக்கையைச் சரியாக வாங்குவது

நூறு காம்பு தேவையென்றால் நூறு வாங்காதீர்கள். வழியில் ஒடிவது, விரியாதது, கையில் முறிவது எல்லாம் சேர்த்து 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக வேண்டும். கையில் பிடிக்கும் ரோஜாக் கொத்து ஒன்றுக்கு 20 முதல் 30 காம்பு பிடிக்கும். சாப்பாட்டு மேசைப் பூவின் உயரம் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், அல்லது மெல்லிய தண்டில் 60 சென்டிமீட்டருக்கு மேலே போகட்டும். இடைப்பட்ட உயரம் எதிரில் இருப்பவரின் முகத்தை மறைக்கும். விருந்தாளிகள் ஜாடியைத் தூக்கித் தரையில் வைத்துவிடுவார்கள்.

மூடின அறையில் கடும் வாசனை

சம்பங்கி, ஓரியண்டல் லில்லி இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள். ஜிப்சோபிலாவை (சின்னச் சின்ன வெள்ளைப் பூ) கூட்டமாக வைக்கும் முன் ஒரு கொத்தை மூடிய அறையில் வைத்து முகர்ந்து பாருங்கள். அதன் வாடை சிலருக்குத் தாங்காது.

கேக்கின்மேல் கண்ணில் பட்ட பூ

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரளி விஷம். ஹைட்ராஞ்சியா, காலா லில்லி, டாஃபடில், லில்லி ஆஃப் த வேலி இவையும் உணவில் படக் கூடாதவை. விஷமில்லாத ரோஜாவாக இருந்தாலும், அலங்காரத்துக்கு வளர்த்த பூவில் பூச்சிமருந்து இருக்கும். சாப்பாட்டுக்கென்று மருந்தில்லாமல் வளர்த்த பூ கிடைக்காவிட்டால், கேக்குக்குப் பூவே வேண்டாம், சர்க்கரைப் பூ வைத்துக்கொள்ளுங்கள். காம்பை டேப்பால் சுற்றினால் போதும் என்பவர்களை நம்ப வேண்டாம். இதழும் மகரந்தமும் கிரீமில் விழத்தான் செய்யும்.

தரையில் தூவும் இதழ்

வழவழப்பான தரையில் மிதிபட்ட ரோஜா இதழ் வழுக்கும், வெளிர் நிற உடையின் ஓரத்தில் கறை பிடிக்கும். நடக்கும் பாதையை விட்டு இரு ஓரங்களில் மட்டும் தூவுங்கள்.

கொத்தைக் கடைசிவரை தண்ணீரில் வைக்காதது

கட்டி முடித்த கொத்தை ரிப்பன் சுற்றி மேசையில் படுக்க வைத்துவிடுகிறார்கள். ரிப்பனுக்குக் கீழே இரண்டு விரல் காம்பு தெரியும்படி விட்டால், புறப்படும் நேரம் வரை அதை ஒரு டம்ளரில் நிறுத்தி வைக்கலாம். தண்ணீர் ரிப்பனைத் தொடாத அளவுக்கு இருக்கட்டும். கையில் கொடுக்கும் முன் காம்பை உலர்ந்த துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். பட்டுத் துணியில் ஒரு சொட்டு விழுந்தாலும் அடையாளம் நிற்கும்.