புல் வெட்டும் முன் குனிந்து பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாடகைக்கு வீடு எடுத்தால் சாவியோடு ஒரு துண்டுப் புல்தரையும் சேர்ந்தே உங்கள் பொறுப்புக்கு வரும். நம் ஊரில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிய வேலை. இங்கே பகலில் வெயில், பல நாள்களில் மாலையில் இடியோடு மழை. எண்ணெய் தரும் செம்பனையையும் ரப்பர் தரும் பால்மரத்தையும் வளர்த்த அந்தத் தட்பவெப்பம் புல்லையும் விட்டுவைப்பதில்லை. இரண்டு மூன்று வாரம் கவனிக்காமல் இருந்தால் கணுக்கால் மறைந்துவிடும். நான் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. என் இடது கை ஆள்காட்டி விரல் நுனியில் ஐந்து தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அது உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இயந்திரம். தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் நீண்ட தண்டு இயந்திரத்தைத்தான் தெருவெங்கும் பார்ப்பீர்கள். அது பழகிய கைகளுக்கு உரியது. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டின் சிறிய முற்றத்துக்கு நான்கு சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போகும் இயந்திரமே போதும். பழையதை வாங்கினால் கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் நெம்புகோலைக் கட்டாயம் சோதியுங்கள். அதை விட்டதும் சில நொடிகளில் கத்தி நின்றுவிட வேண்டும். கை வலிக்கிறது என்று அதைக் கம்பியாலோ ரப்பர் துண்டாலோ இறுகக் கட்டிவைக்கும் வழக்கம் இங்கே உண்டு. கட்டியிருந்தால் அந்த இடத்திலேயே அறுத்துப் போடுங்கள்.

என் கதை அந்த ரப்பர் துண்டில்தான் தொடங்கியது. நான் வாங்கிய இயந்திரத்தில் பழைய சைக்கிள் டியூபை நறுக்கி நெம்புகோலைச் சுற்றியிருந்தார்கள். வசதியாக இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். முந்தின நாள் மழையில் நனைந்த புல் அடியில் அடைத்துக்கொண்டு இயந்திரம் திணறி நின்றது. சத்தம் அடங்கியதும் எல்லாம் அடங்கிவிட்டது என்று எண்ணி, பக்கவாட்டில் கை விட்டுப் பச்சைக் கட்டியை இழுத்தேன். கட்டி விடுபட்டது, இறுகி நின்றிருந்த கத்தி வெடுக்கென்று திரும்பியது. அரைச் சுற்றுகூட இருக்காது. பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பாட்டி, குழாய் நீரில் என் கையைக் கழுவி, சுத்தமான துண்டால் இறுகச் சுற்றி, மகனின் காரில் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார்.

கத்தியும் எஞ்சினுக்குள் இருக்கும் பிஸ்டனும் ஒன்றோடொன்று இணைந்தவை. கத்தியைக் கையால் திருப்பினால் பிஸ்டனும் நகரும். அந்த ஒரு திருப்பலிலேயே எஞ்சின் உயிர்பெற்றுவிடவும் கூடும். ஆகவே அடைப்பு எடுப்பதென்றால் நிறுத்துங்கள், கத்தி நின்றுவிட்டதா என்று பாருங்கள், ஸ்பார்க் பிளக்கின் தலையில் செருகியிருக்கும் ஒயரைப் பிடுங்கித் தள்ளி வையுங்கள். பிறகு இயந்திரத்தைச் சாய்த்து ஒரு மரக்குச்சியால் தள்ளுங்கள். சாய்க்கும்போது ஸ்பார்க் பிளக் வானம் பார்த்திருக்கட்டும். இல்லையேல் எண்ணெய் கார்புரேட்டர் பக்கம் இறங்கிவிடும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

அடுத்தது தரையைப் பார்ப்பது. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிது. 46 சென்டிமீட்டர் கத்தி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. சுங்கை சிப்புட் நிலையத்தில் நின்று போகும் இ.டி.எஸ். மின்ரயிலின் உச்ச வேகமே 140 தான். அந்த முனையில் பட்ட கூழாங்கல் யார் மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே இயந்திரத்தை வெளியே எடுப்பதற்கு முன் ஒரு வாளியோடு முற்றத்தை மேலும் கீழுமாக நடந்து, குனிந்து பொறுக்குங்கள். கல், ஆணி, பட்டாசுக் கம்பி, பிள்ளைகள் விட்டுப்போன கோலி, வேலியிலிருந்து அறுந்த கம்பித் துண்டு, உடைந்த அகல் விளக்கு எல்லாம் கிடைக்கும். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் பிறகு இன்னும் கவனமாகப் பாருங்கள். தேங்காய் ஓட்டையும் தயிர் டப்பாவையும் அப்படியே கவிழ்த்து எடுத்துவிடுங்கள். அவற்றில் தேங்கும் நீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. கொசுப்புழு இருந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். ஒரே வாளியில் இரண்டு வேலை முடிகிறது.

செம்பனைத் தோட்டத்து எல்லையை ஒட்டிய வீடு என்றால் நீண்ட கோலால் புல்லைத் தட்டிக்கொண்டே நடங்கள். எலியைத் தேடி நாகம் வரும். எலியின் சிறுநீரால் எலிக் காய்ச்சலும் வரும். ஆகவே சிலிப்பரோடு இறங்காதீர்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் அணியும் உயரமான ரப்பர் பூட்ஸ் இங்குள்ள எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். அதோடு முழுக்கால் சட்டை, கண்ணாடி, காதை மூட ஏதாவது ஒன்று. கைலியைக் கட்டிக்கொண்டு இயந்திரத்தைத் தள்ளவே தள்ளாதீர்கள்.

வீட்டு முன்னால் ஓடும் திறந்த வடிகாலை இங்கே லோங்காங் என்பார்கள். அதன் விளிம்பில் புல் வழுக்கும். இயந்திரத்தோடு காலும் உள்ளே போய்விடும். விளிம்பின் கடைசி ஓர் அடியைக் கைக் கத்தரியால் வெட்டுங்கள். சரிவு இருந்தால் குறுக்காகத் தள்ளுங்கள். உங்களை நோக்கிப் பின்னால் இழுக்காதீர்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பனி காய்ந்திருக்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள்.

பெட்ரோலைக் குளிர்பானப் பாட்டிலில் வைக்காதீர்கள், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஊற்றாதீர்கள். மின்சார இயந்திரம் என்றால் ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, பிளக்குக்கு அருகிலிருந்து தொடங்கி விலகி விலகிப் போங்கள். மின்பெட்டியில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் மின்பணியாளரை அழைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அக்கம்பக்கத்தையும் பாருங்கள். சூராவ் எனப்படும் சிறிய தொழுகை இல்லத்தில் பாங்கு ஒலிக்கும் நேரத்தில் நிறுத்திவிடுவது இங்குள்ள மரியாதை. பக்கத்து வீட்டு பாக்சிக்கின் (மலாய்ப் பெரியவரை இப்படித்தான் அழைப்பார்கள்) கார் வேலியோரம் நின்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்; அவரே நகர்த்திவிடுவார். வெட்டிய புல்லைக் கொளுத்தாதீர்கள், திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். வாழை மரத்தடியில் போட்டால் மக்கிவிடும்.

இதெல்லாம் வேண்டாம் என்று ஆள் வைத்து வெட்டினாலும் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துங்கள். தண்டு இயந்திரம் ஓடும்போது சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. புல் வெட்டும் அண்ணனுக்குத் தேநீர் கொண்டுபோகும்போது பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். அவருக்கு நீங்கள் வருவது கேட்காது. திடுக்கிட்டுத் திரும்பினால் கத்தியும் சேர்ந்து திரும்பும். எதிரே, தூரத்தில் நின்று கையசையுங்கள். அவர் இயந்திரத்தை அணைத்துக் கீழே வைத்த பிறகு கிட்டே போங்கள்.