பொலிவியாவின் பாம்பாஸ் சதுப்பு நிலம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

தென் அமெரிக்காவில் விலங்குகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் அமேசான் காட்டைத்தான் நினைப்பார்கள். போய்ப் பார்த்தால் இலைதான் தெரியும். அடர்ந்த காட்டில் விலங்கு பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணில் படாது. காட்டை ஒட்டிய வெட்டவெளிச் சதுப்பு நிலம் அப்படியில்லை. பொலிவியாவின் பேனி மாகாணத்தில் யாக்குமா ஆற்றைச் சுற்றியுள்ள இந்த நிலத்தைச் சுற்றுலாக்காரர்கள் ‘பாம்பாஸ்’ என்கிறார்கள். மழைக்காலத்தில் வெள்ளக்காடு, வெயில் காலத்தில் புல்வெளி. மூன்று பகல், இரண்டு இரவு என்பது வழக்கமான சுற்று. கையில் அதிகக் காசில்லாத பேக்பேக்கருக்கும் கட்டுப்படியாகும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே முதல் அக்டோபர் வரை போங்கள். அப்போது வெள்ளம் வடிந்து, தண்ணீர் ஆற்றிலும் சில குளங்களிலும் மட்டும் நிற்கும். தண்ணீர் தேடும் விலங்குகளும் கரைக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் அவை எங்கும் சிதறிவிடும், கொசு மட்டும் தவறாமல் வரும்.

ஒரு எச்சரிக்கை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தெற்கிலிருந்து ‘சுராசோ’ என்ற குளிர்காற்று திடீரென்று வீசும். வெப்பமண்டலம்தானே என்று பனியனோடு போனவர்கள் படகில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மஞ்சள் காய்ச்சல் ஊசி

இதில் சமரசமே கூடாது. பொலிவியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. ஊசி போட்டதற்குத் தரும் சான்றிதழ் 10 நாள் கழித்துத்தான் செல்லும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் விசாரிக்கலாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

படி 3: ருரெனபாக்கே போய்ச் சேருங்கள்

முதலில் லா பாஸில் இறங்குவீர்கள். அந்த நகரம் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமான நிலையம் உள்ள எல் ஆல்டோ 4,000 மீட்டருக்கும் மேலே. இறங்கியதும் தலை வலிக்கும், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஓரிரு நாள் சும்மா இருந்துவிட்டுக் கிளம்புங்கள். பாம்பாஸ் சுற்று கிளம்பும் இடமான ருரெனபாக்கே, பேனி ஆற்றங்கரையில் உள்ள மிகவும் தாழ்வான ஊர். சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேருந்தில் மலையிறங்கிப் போனால் ஒரு இரவு முழுக்கப் போய்விடும். செலவு குறைவுதான், ஆனால் முதுகு வலிக்கு நான் பொறுப்பில்லை.

படி 4: விலங்கின் மேல் கை வைக்காத வழிகாட்டியைப் பிடியுங்கள்

முழுப் பயணமும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. ருரெனபாக்கே தெருக்களில் ஏஜென்சிகள் வரிசையாக இருக்கின்றன. எல்லோரும் அதே ஆறு, அதே விலங்குகளைத்தான் காட்டுகிறார்கள். வித்தியாசம் வழிகாட்டியிடம். விலையைப் பேசும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: “அனகோண்டாவைக் கையில் பிடித்துப் படம் எடுக்கலாமா? குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா?” உற்சாகமாக “ஓ, தாராளமாக!” என்று சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். கொசு மருந்து தடவிய கை பாம்பின் தோலுக்கு ஆகாது. பழத்துக்குப் பழகிய குரங்கு அடுத்த படகில் பையையே பிடுங்கும்.

படி 5: பையில் என்ன?

முழுக்கைச் சட்டை, தொப்பி, ரெயின்கோட், நெற்றியில் கட்டும் டார்ச், பைனாகுலர். போனைப் போட்டு வைக்க, தண்ணீர் புகாத பை. கம்பூட்ஸ் பெரும்பாலும் அவர்களே கொடுப்பார்கள், பெரிய கால்காரர்கள் முன்பே கேட்டு வையுங்கள். போகும் வழியில் உள்ள சாந்தா ரோசா என்ற ஊரில் கட்டவேண்டிய நுழைவுக் கட்டணம் தனி, ரொக்கமாக வைத்திருங்கள்.

படி 6: படகில் ஏறிய பிறகு

ஜீப்பில் சுமார் மூன்று மணி நேரம். சாந்தா ரோசா தாண்டியதும் நீளமான, ஒடுக்கமான மோட்டார் படகு. ஆளுக்கொரு இருக்கை, ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். முன்வரிசைக்குச் சண்டை போடாதீர்கள், இரண்டு கரையிலும் விலங்குகள் இருக்கின்றன.

முதல் வளைவிலேயே கேப்பிபாரா. உலகின் மிகப் பெரிய கொறிணி, 50 கிலோவுக்கு மேல் போகும். படகைக் கண்டுகொள்ளாமல் மென்றுகொண்டே இருந்தது. அதற்கு நாலடி தள்ளிக் கெய்மான் முதலை. அப்புறம் ‘செரேரே’ என்ற கொண்டைப் பறவை. தின்ற இலையை, மாட்டின் வயிற்றில் நடப்பது மாதிரி, தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பைக்குள் நொதிக்க வைப்பதால் சாணி நாற்றம் அடிக்கும். அதன் குஞ்சுகளுக்குச் சிறகில் நகம் உண்டு. ஆபத்து வந்தால் தண்ணீரில் குதித்து, பிறகு அந்த நகத்தால் மரமேறி வீடு திரும்பும்.

இளஞ்சிவப்பு டால்பினைக் கண்ணால் தேடாதீர்கள், காதால் தேடுங்கள். மோட்டாரை அணைக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் ‘புஃப்’ என்று மூச்சு விடும் சத்தம் வரும். அந்தப் பக்கம் திரும்பினால் முதுகு தெரியும். அங்கேயே இறங்கி நீந்தலாம், டால்பின் இருந்தால் முதலை வராது என்று சொல்வார்கள். பிரானா மீனும் திருக்கையும் அதே ஆற்றில்தான். நான் இறங்கவில்லை. இறங்கியவர்கள் பத்திரமாக ஏறினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவில் டார்ச்சை உங்கள் கண் மட்டத்தில் பிடித்து ஆற்றைப் பாருங்கள். சிவப்பாகத் தீக்கங்குகள் தெரியும், எல்லாம் கெய்மான் கண்கள். இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளியை வைத்தே ஆள் எவ்வளவு பெரியவர் என்று வழிகாட்டி சொல்லிவிடுவார். தங்கும் குடில் கட்டைக்கால் மேல் நிற்பதன் அர்த்தம் அப்போது புரியும்.

மறுநாள் அனகோண்டா தேடும் நடை. கம்பூட்ஸுக்கு மேலே சேறு ஏறும், நிழல் கிடையாது. எங்களுக்குப் பாம்பு உரித்த சட்டை மட்டும் கிடைத்தது. அதற்காகவே வந்ததாகச் சொன்ன ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “இது மிருகக்காட்சி சாலை இல்லை ஐயா” என்று வழிகாட்டி சிரித்துவிட்டு, சட்டையை எடுத்த இடத்திலேயே போட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

படி 7: திரும்பும் தேதி

பெருமழை பெய்தால் ருரெனபாக்கே விமானங்கள் ரத்தாகும், சில சமயம் மலைப்பாதையும் அடைபடும். அதனால் பொலிவியாவிலிருந்து கிளம்பும் சர்வதேச விமானத்துக்கு முன் குறைந்தது இரண்டு நாள் காலியாக விடுங்கள். மழை வரவில்லையென்றால் அந்த நாள்களை ருரெனபாக்கே ஆற்றங்கரையில் வலை ஊஞ்சலில் படுத்தே கழிக்கலாம்.